நர்சிங் வகுப்பில் புள்ளியியல்: எங்கிருந்து தொடங்கலாம், எதை விடலாம்

புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஒரு நர்சிங் கல்லூரியில் சேர்ந்து, பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஃபார்முலாவைப் போர்டில் எழுதியதுமே வகுப்பு அடங்கிவிடுகிறது. யாரும் சந்தேகம் கேட்பதில்லை. மனப்பாடம் செய்து எழுதி பாஸ் ஆகிவிடுகிறார்கள், ஒன்றும் புரிவதில்லை. இவர்களுக்கு எவ்வளவு கணக்கு போதும், எதையெல்லாம் விட்டுவிடலாம், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மூன்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: நர்ஸாக வேலை பார்க்கப் போகிறவருக்குப் புள்ளியியல் எந்த இடத்தில் கைகொடுக்கும்? அது தெளிவானால் எவ்வளவு, எது என்பதை முடிவு செய்வது சுலபம்.

நான் உயிர்ப்புள்ளியியல் படித்தவன். பல வருடங்களாக நர்சிங் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன், எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கீழே வரும் புள்ளியியல் விஷயங்களும் வரலாற்று எண்களும் உறுதியானவை. எந்த வரிசையில் சொன்னால் நன்றாகப் புரிகிறது என்று சொல்வது மட்டும் என் வகுப்பறை அனுபவம். அதை ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்து நான் நிரூபித்ததில்லை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பதில் இதுதான். ஆஸ்பத்திரியில் பிறக்கும் எண்களில் பெரும்பாலானவற்றை முதலில் எழுதுகிற கை நர்ஸுடையது. பி.பி., நாடி, மூச்சு, வெப்பநிலை, யூரின் அளவு, வலி மதிப்பெண், ஜி.சி.எஸ். (நோயாளியின் நினைவு நிலைக்கான மதிப்பெண்), இன்டேக் அவுட்புட் (உள்ளே போன, வெளியே வந்த திரவ அளவு) எல்லாமே அவர் எழுதியது. டாக்டர் மருந்தை மாற்றுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான். ஆகவே நர்சிங் மாணவருக்குப் புள்ளியியல், ஒரு எண் எப்படிச் சார்ட்டுக்கு வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து, அந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. ஃபார்முலா இந்த இரண்டுக்கும் பிறகுதான். பெரும்பாலான பாடப்புத்தகங்களில் வரிசை தலைகீழாக இருக்கிறது. வரையறை, வகைகள், ஃபார்முலா என்று போய், கடைசியில் ஒரு உதாரணம் வரும்.

பயத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பி.எஸ்சி. நர்சிங் சேர்வதற்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும், கணிதம் தேவையில்லை. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் ப்யூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வருகிறவர்கள், பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். இந்தியன் நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டத்தில் இந்தப் பேப்பர் ஏழாவது செமஸ்டரில் வருகிறது. அதாவது கணக்குப் புத்தகத்தைத் தொட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் இதே பிள்ளைகள் 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற, ஒரு மில்லிக்கு 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்றால் 21 என்று சட்டென்று சொல்வார்கள். பெருக்கல், வகுத்தல், விகிதம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆகவே 'இவர்களுக்குக் கணக்கு வராது' என்ற நினைப்பை நீங்கள் முதலில் விட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பழக்கமில்லாதது சிக்மா குறியும், எதற்கென்றே தெரியாமல் போடும் கணக்கும்தான்.

முதல் இரண்டு வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்வது நாடி. எல்லோரையும் ஜோடியாக உட்காரவைத்து, விநாடி முள் உள்ள வாட்சை எடுக்கச் சொல்வேன். எதிரில் இருப்பவரின் நாடியை முதலில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். பிறகு 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கடைசியில் முழு நிமிடம். மூன்று எண்ணையும் போர்டில் மூன்று பத்தியில் எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும், முதல் பத்தியைப் பார்த்து என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் ஒருவர் கண்டுபிடிப்பார்: 72, 76, 80, 84, 88 தவிர வேறு எண்ணே இல்லை. இரண்டாவது பத்தியில் ஒற்றைப்படை எண் கிடையாது. மூன்றாவதில்தான் 73, 79, 81 எல்லாம் வரும். 15 விநாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் சார்ட்டில் 4 தவறும், முழு நிமிடத்தில் தவறவிட்டால் 1தான் தவறும். முதல் வருடம் அடிப்படைச் செவிலியத்தில் 'முழு நிமிடம் எண்ண வேண்டும்' என்று சொல்லிக்கொடுத்தது ஏன் என்பது அன்றைக்குத்தான் பல பேருக்கு உறைக்கிறது.

இதே போர்டில் பாதிப் பாடம் முடிந்துவிடும். மூன்றாவது பத்தியை எடுத்து 60 முதல் 64, 65 முதல் 69 என்று கட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு கோடு போடச் சொன்னால் ஹிஸ்டோகிராம் கண்ணெதிரே எழும்பும். நடுவில் கூட்டம், இரண்டு ஓரத்திலும் ஓரிருவர். சராசரி எங்கே விழும் என்று கையால் காட்டச் சொல்லுங்கள், கிட்டத்தட்டச் சரியாகக் காட்டுவார்கள். அப்புறம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்பது ஆட்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதற்கான அளவு என்று சொன்னால் போதும், ஏற்றுக்கொள்வார்கள். ஐந்தே ஐந்து எண்ணை வைத்து ஒருமுறை கையால் போட்டுக்காட்டுங்கள். அதற்கு மேல் கையால் போடவைப்பதில் ஒரு லாபமும் நான் பார்க்கவில்லை. இங்கே இன்னொன்றும் சொல்லிவிடலாம். ஒரே ஆளை மூன்று முறை எண்ணியபோது வந்த வேறுபாடு வேறு, ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு வேறு. பின்னால் வரும், சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட், அனோவா எல்லாவற்றுக்கும் இப்படி வேறுபாட்டைப் பிரித்துப் பார்ப்பதுதான் அஸ்திவாரம்.

அடுத்து வார்டு சார்ட். நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் அனுமதி வாங்கி, பெயர், ஐ.பி. எண் எல்லாம் நீக்கி, டி.பி.ஆர். சார்ட்டிலிருந்து (வெப்பநிலை, நாடி, மூச்சு எழுதும் தாள்) பி.பி.யையும் மூச்சு எண்ணிக்கையையும் மட்டும் ஒரு தாளில் எடுத்து வரச் சொல்லுங்கள். பாதரச அல்லது டயல் பி.பி. கருவியில் கோடுகள் 2 மி.மீ.க்கு ஒன்று. ஒழுங்காகப் பார்த்து எழுதினால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் நூற்றுக்கு 20 என்ற அளவில் வரவேண்டும். எண்ணிப் பார்த்தால் பூஜ்யம் குவிந்திருக்கும். மூச்சு எண்ணிக்கையில் 20 வரிசையாக நிற்கும். இது உலகம் முழுக்க ஆவணப்படுத்தப்பட்ட விஷயம், நம் ஊர்க் குறை ஒன்றுமில்லை. ஆனால் விளைவு பெரியது. 140/90 என்ற கோட்டை வைத்து ரத்தக்கொதிப்பு என்று முடிவு செய்கிற இடத்தில், 136ஐ 140 என்று எழுதினால் ஒருவர் நோயாளியாகிவிடுகிறார். மூச்சு எண்ணிக்கை ஏறுவது நோயாளி மோசமாகப் போவதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. எல்லோருக்கும் 20 என்று எழுதியிருந்தால் அந்த எச்சரிக்கை காணாமல் போகிறது. இதை வகுப்பில் சொல்லும்போது யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். ஒரு வார்டு முழுவதையும் இரவில் ஒருவரே பார்க்கும் நிலைமை அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், நாளைக்கு அவர்களும் அங்கேதான் நிற்கப் போகிறார்கள்.

அளவீட்டு வகைகள் என்ற பாடத்தை நாமினல், ஆர்டினல் என்று வரையறையாகச் சொல்லாமல் ஜி.சி.எஸ்.ஸை வைத்துச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு அத்துப்படி. கண் திறப்பு 4, பேச்சு 1, அசைவு 4 என்றால் மொத்தம் 9. கண் 2, பேச்சு 2, அசைவு 5 என்றாலும் 9. இருவரும் ஒரே நிலையிலா இருக்கிறார்கள் என்று கேட்டால், இல்லை என்று உடனே பதில் வரும். மதிப்பெண் 3இல் தொடங்குகிறது, பூஜ்யம் என்பதே கிடையாது. அப்படியிருக்க 12 மதிப்பெண் எடுத்தவர் 6 எடுத்தவரைவிட இரண்டு மடங்கு நன்றாக இருக்கிறார் என்று சொல்ல முடியுமா? வலி மதிப்பெண் 8லிருந்து 6க்கு இறங்கியதும் 4லிருந்து 2க்கு இறங்கியதும் நோயாளிக்கு ஒன்றா? வரிசை இருக்கிறது, இடைவெளி சமமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆர்டினல் என்பது அவ்வளவுதான். இம்மாதிரி மதிப்பெண்களுக்குச் சராசரி போடலாமா கூடாதா என்பதில் புள்ளியியலாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. பி.எஸ்சி. மட்டத்தில் மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், சொல்வது பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

மீடியன் ஏன் என்பதற்குப் படுக்கை நாட்கள் நல்ல உதாரணம். ஏழு பேர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் 3, 3, 4, 4, 5, 5, 28. சராசரி ஏழரைக்குப் பக்கம் வருகிறது. ஆனால் ஆறு பேர் ஐந்து நாளுக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீடியன் 4. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வகுக்கும் எண்ணுக்கு, அதாவது கீழே என்ன இருக்கிறது என்பதற்கு, கொஞ்சம் அதிக நேரம் கொடுங்கள். வேலைக்குப் போனதும் அவர்கள் நிஜமாகவே போடப் போகும் கணக்கு இது. என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தர வாரியத்தின் அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரிகளில் குவாலிட்டி இன்டிகேட்டர் என்று மாதாமாதம் எடுப்பார்கள். அதில் கதீட்டரால் வந்த சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், நோயாளி தவறி விழுந்தது எல்லாம் வரும். தொற்றுக் கணக்கை எடுப்பவர் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ். ஒரு வார்டில் 6 பேர் விழுந்தார்கள், இன்னொன்றில் 3 பேர். எந்த வார்டு மோசம்? முதல் வார்டில் 1,500 படுக்கை நாட்கள் (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒன்று), இரண்டாவதில் 500 என்று சொல்லுங்கள். ஆயிரம் நாளுக்கு 4 என்பதும் 6 என்பதும் வந்து முடிவு திரும்பிவிடும். இதோடு சிசு மரண விகிதம், தாய் மரண விகிதம் இரண்டையும் சேர்த்துவிடலாம். எஸ்.ஆர்.எஸ். என்ற அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 2020இல் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 13, நாட்டுக்கு 28. 2018-20இல் தாய் மரண விகிதம் இங்கே 54, நாட்டுக்கு 97. மனப்பாடமாகச் சொல்வார்கள். கீழே என்ன எண் என்று கேளுங்கள். முதலாவது ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு, இரண்டாவது லட்சம் உயிர்ப் பிறப்புக்கு. இதைத் தெரியாமல் 54ஐயும் 13ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழந்தைகளைவிடத் தாய்மார்கள்தான் அதிகம் சாகிறார்கள் என்று தோன்றிவிடும்.

இப்போது ஒப்பீடு. இந்த இடத்தில்தான் நான் அதிக வகுப்புகளைச் செலவிடுகிறேன். கை ஸ்கொயர் என்பது இரண்டு குழுக்களின் விகித வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை. அதன் அட்டவணைக்கு வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியின் 1846ஆம் வருடக் கணக்கைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே இரண்டு பிரிவு. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிப் பயிற்சி மாணவிகள். முதல் பிரிவில் 4,010 பிரசவம், 459 தாய்மார்கள் இறப்பு. இரண்டாவதில் 3,754 பிரசவம், 105 இறப்பு. நூற்றுக்கு 11க்கு மேல் ஒரு பக்கம், 3க்கும் கீழே இன்னொரு பக்கம். எந்தப் பிரிவில் சேர்வது என்பது வந்த நாளைப் பொறுத்தது, ஒரு நாள் இங்கே, அடுத்த நாள் அங்கே. ஆகவே இரண்டு பிரிவிலும் சேர்ந்த பெண்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள். அதனால்தான் இந்த ஒப்பீட்டுக்கு வலு. வித்தியாசம் பெண்களிடம் இல்லையென்றால் அந்தப் பிரிவில் நடக்கிற ஏதோ ஒன்றில் இருக்க வேண்டும். மருத்துவ மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்தார்கள். 1847 மே மாதம் அங்கே வேலை பார்த்த டாக்டர் செம்மல்வைஸ் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு ஜூலையில் 1 ஆக இறங்கியது. கை கழுவும் முறையைப் படிப்படியாகச் செய்துகாட்டி மார்க் வாங்கிய பிள்ளைகள், அதன் வேர் ஒரு நான்கு கட்ட அட்டவணையில் இருப்பதைப் பார்க்கும்போது முகம் மாறும். கை ஸ்கொயர் ஃபார்முலாவை இதற்குப் பிறகு எழுதுங்கள்.

உடனே நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8 சதவீதம். இதுவும் நான்கு கட்ட அட்டவணைதான், கை ஸ்கொயர் போட்டால் வித்தியாசம் பலமாக வரும். தனியார் மருத்துவமனைகள் தேவையில்லாமல் ஆபரேஷன் செய்கின்றன என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும், விடுங்கள். வயது, முந்தைய சிசேரியன், வசதி, தாங்களே கேட்பவர்கள், அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்படும் சிக்கலான கேஸ்கள் என்று ஒவ்வொன்றாக வரும். சில காரணங்கள் ஒரு பக்கம் இழுக்கும், சில மறுபக்கம். வியன்னாவில் நாள் முறை வைத்துப் பிரித்தார்கள், இங்கே அவரவர் தேர்ந்தெடுத்துப் போகிறார்கள். ரேண்டமைசேஷன், அதாவது குலுக்கல் முறையில் குழு பிரிப்பது, எதற்கு என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

மூன்றாவதாக, ஒப்பீட்டுக் குழுவே இல்லாத நிலை. நைட்டிங்கேல் பற்றி ஒவ்வொரு நர்சிங் கல்லூரியிலும் சொல்லப்படும் கதை, அவர் போய்ச் சேர்ந்ததும் இறப்பு நூற்றுக்கு 42லிருந்து 2ஆகக் குறைந்தது என்பது. எண்கள் பதிவில் உள்ளவைதான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். கிரிமியப் போரின்போது அவர் துருக்கியில் ஸ்குட்டாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனது 1854 நவம்பர். அதன்பின் குளிர்காலம் முழுக்க இறப்பு ஏறிக்கொண்டே போய், 1855 பிப்ரவரியில்தான் அந்த 42 வருகிறது. மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்து கழிவுநீர்க் கால்வாய்களைச் சுத்தம் செய்தது, காற்றோட்டத்தைச் சீராக்கியது. குளிரும் குறைந்தது. ஜூனில் 2 சதவீதம். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று முன்-பின் எண்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. போர் முடிந்து திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளருடன் உட்கார்ந்து அந்தக் கணக்குகளை அலசி, கொன்றது காயங்களைவிடச் சுகாதாரக் கேடுதான் என்று 1858இல் வரைபடம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார். தன் பெயருக்குக் கிடைத்த புகழை ஒதுக்கி வைத்துவிட்டு எண்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டவர் அவர். விளக்கேந்திய படத்தைவிட இந்த நைட்டிங்கேலைத்தான் நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் நர்சிங் கல்லூரிகளின் ஆய்வேடுகளில் என் மேஜைக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஒரே அச்சு. ஏதோ ஒரு தலைப்பில் ஸ்ட்ரக்சர்ட் டீச்சிங் புரோகிராம் (திட்டமிட்ட கற்பித்தல்), 60 பேர், முன்னால் ஒரு கேள்வித்தாள், ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாள், பேர்டு டி டெஸ்ட் (அதே ஆட்களின் முன்-பின் சராசரியை ஒப்பிடும் சோதனை), பி மதிப்பு (இதன் பொருளை அடுத்துச் சொல்கிறேன்) 0.001க்குக் கீழே. பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எவ்வளவு டீச்சிங்கால், எவ்வளவு பழக்கத்தால் என்று பிரிக்க வழியில்லை. பி.பி. போன்றவற்றில் இது இன்னும் ஆபத்து. கேம்ப்பில் அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கும். அன்றைக்குத் தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் அல்லவா! அப்புறம் 'டெமோகிராஃபிக் வேரியபிள்களுடன் தொடர்பு' என்று வயது, மதம், படிப்பு, வருமானம், குடும்ப வகை எனப் பத்து கை ஸ்கொயர் போடுவார்கள். ஒன்றுக்குமே உண்மையில் தொடர்பு இல்லாவிட்டாலும், பத்தில் ஒன்றாவது 0.05க்குக் கீழே வர ஏறத்தாழ 40 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படி வந்த ஒன்றுக்கு நான்கு பக்கம் விளக்கம் எழுதுவார்கள். 60 பேரை ஐந்து வருமானப் பிரிவாக உடைத்தால் பல கட்டங்களில் எதிர்பார்ப்பு எண் (தொடர்பே இல்லையென்றால் வர வேண்டிய எண்ணிக்கை) 5க்கும் கீழே போய், கை ஸ்கொயரே செல்லாமல் போகும். பி.எஸ்சி. மட்டத்திலேயே இதைப் பார்க்கப் பழகியவர்கள், எம்.எஸ்சி. வரும்போது கைடிடம் நல்ல கேள்வி கேட்பார்கள்.

பி மதிப்பை ஃபார்முலா இல்லாமல் சொல்ல ஒரு வழி. எட்டுப் பேரைக் கூப்பிட்டு, சீட்டுக் குலுக்கி நான்கு நான்காகப் பிரியுங்கள். நால்வர் ஐந்து நிமிடம் கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுத்து விடட்டும், மற்ற நால்வர் சும்மா உட்காரட்டும். பிறகு முழு நிமிடம் நாடி பார்த்து, குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசைப்படுத்துங்கள். குறைந்த நான்கு நாடியும் மூச்சுப் பயிற்சி செய்தவர்களுடையது என்றால், அது வெறும் குலுக்கலால் வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? எட்டுப் பேரிலிருந்து நால்வரை எடுக்க 70 வழி. அதில் ஒன்றுதான் இது. நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. அதுதான் பி மதிப்பு. மூன்று பேர் மட்டும் வந்தால்? அந்த அளவுக்கோ அதைவிடச் சாதகமாகவோ வர 17 வழி, நூற்றுக்கு 24. ஆக எட்டுப் பேரை வைத்துக்கொண்டு, ஒருவர் இடம் மாறினாலே எதையும் சொல்ல முடியாது. சாம்பிள் சைஸ் பாடமும் இதிலேயே வந்துவிட்டது. ரொனால்ட் ஃபிஷர் 1935இல் விவரித்த புகழ்பெற்ற டீ சோதனையிலும் (கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்று ருசித்துச் சொல்வது) எட்டுக் கோப்பை, இதே 70 வழிதான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பி மதிப்பு என்பது 'மூச்சுப் பயிற்சியால் பலனில்லை என்பதற்கான வாய்ப்பு' அல்ல. பலனில்லை என்று வைத்துக்கொண்டால் இப்படியோ இதைவிடச் சாதகமாகவோ ஒரு முடிவு வருவதற்கான வாய்ப்பு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கை வெளியிட்டுச் சொல்ல வேண்டியிருந்த அளவுக்கு, படித்தவர்களே குழம்புகிற இடம் இது. நாடியில் எவ்வளவு குறைந்தது, அது நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கதா என்ற கேள்வியை எப்போதும் கூடவே கேட்கவையுங்கள்.

பரிசோதனை முடிவுகளைப் படிக்க சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பேரில் 100 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. டெஸ்ட் நோயுள்ளவர்களில் 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 900 பேரில் 90 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்த 180 பேரில் பாதிப் பேருக்குத்தான் நோய். அதே டெஸ்டை, ஆயிரத்துக்கு 10 பேருக்கு மட்டும் நோயுள்ள ஊரில் செய்தால் 9 பேர் உண்மை, 99 பேர் பொய். வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பி.பி.யும் பார்க்கும் வேலை இவர்களில் பலருக்கு அமையப் போகிறது. பாசிட்டிவ் வந்தவரிடம் எந்தத் தொனியில் பேச வேண்டும் என்பதே இந்தக் கணக்கைப் பொறுத்தது. இப்படி முழு எண்களாகச் சொன்னால் நன்றாகப் புரிகிறது என்பது என் அனுபவம் மட்டுமல்ல, ஆய்வுகளும் அதைக் காட்டியிருக்கின்றன.

சரி, எதை விடலாம்? அனோவா ஃபார்முலா, கோரிலேஷனைக் கையால் போடுவது, நார்மல் வளைவின் சமன்பாடு, பிரிவுகளாகத் தொகுத்த தரவுக்கு மோடு கண்டுபிடிப்பது எல்லாம் புரிதலுக்கு எதுவும் சேர்ப்பதில்லை. ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் வரையறையும் வகைகளும் சிறு கணக்குகளும் கேட்கத்தான் செய்கிறார்கள், பிள்ளைகள் பாஸ் ஆக வேண்டும். கடைசி சில வகுப்புகளை அதற்கென்றே ஒதுக்கி, பழைய வினாத்தாள்களை எடுத்துவைத்துப் பயிற்சி கொடுங்கள். முன்னால் விஷயம் புரிந்திருப்பதால் அது வேகமாக முடியும். தமிழில் விளக்குங்கள், தேர்வில் எழுத வேண்டிய சொற்களை ஆங்கிலத்தில் போர்டில் எழுதிவிடுங்கள். இன்டர்னல் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஏதாவது ஒரு நர்சிங் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், வித்தியாசம் எவ்வளவு, இதை நம்பி உன் வார்டில் எதையாவது மாற்றுவாயா, ஏன் என்று கேளுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

எஸ்.பி.எஸ்.எஸ். பற்றி. பி.எஸ்சி.க்கு வேண்டாம் என்பது என் கருத்து. விலை அதிகம், வேலைக்குப் போகும் ஆஸ்பத்திரியில் இருக்காது. எக்செல் இருக்கும். தரவை ஒரு வரிக்கு ஒரு நோயாளி என்று ஒழுங்காக உள்ளிடுவது, விடுபட்டதைப் பூஜ்யம் என்று போடாமல் காலியாக விடுவது, வயது 230 என்று பதிவானதைக் கண்டுபிடிப்பது, ஒரு வரைபடம் போடுவது. இவ்வளவும் எக்செல்லில் வந்துவிட்டால் பெரிய விஷயம். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஜமோவி என்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுங்கள், இலவசம், எஸ்.பி.எஸ்.எஸ். போலவே மெனுவில் க்ளிக் செய்து போகலாம். சின்ன அட்டவணைகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) வெளியிட்ட எபி இன்ஃபோவும் இலவசம். எதை எடுத்தாலும் முதல் தரவாக, மாணவர்களே எண்ணி எழுதிய அந்த நாடிக் கணக்கையே உள்ளிடச் சொல்லுங்கள். எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த தரவில்தான் மென்பொருள் தரும் விடை சரியா தப்பா என்று அவர்களால் சொல்ல முடியும்.